தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே எரிந்த விளக்கு

பலேர்மோ குளிரில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப், மாலையானால் நின்றுவிடும். என் கணவர் சகலமும் தெரிந்தவர். தினமும் டைமரை மாற்றுவார், அதைச் சுவரில் பூட்டித் தந்த இத்தாலிக்காரனைத் திட்டுவார்.

ஊரில் பெரியப்பா இறந்தார். சாவுத் துடக்கென்று மாலையில் சாமி விளக்கு ஏற்றவில்லை. அந்த நாள்களில் வீடு கணகணவென்று இருந்தது.

"பாத்தியே என்ரை கெட்டித்தனத்தை!" என்றார் கணவர்.

துடக்குக் கழிந்து விளக்கேற்றிய மாலையே ஹீட் பம்ப் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். சுடருக்கு நேர் மேலே தெர்மோஸ்டாட். விளக்கின் சூட்டை வீட்டுச் சூடென்று நம்பி அது நிறுத்தியிருக்கிறது. சாமித்தட்டை அங்கே சுவரில் அடித்தவரும் இவர்தான்.

சொன்னேன்.

"சும்மா இரு. உனக்கு மெசினைப் பற்றி என்ன தெரியும்?" என்று மறுபடி டைமரைத் திருகினார்.

நான் விளக்கை மற்றச் சுவருக்கு மாற்றினேன். வீடு சூடானது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

இந்த மூளைக்குப் பயந்தா இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தேன்?