பாதி முகத்தில் வரைந்த தசைகள்

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் எலும்பக்கா. உண்மையில் அவள் ஆராய்ச்சி மாணவி. ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் தசைச் செல் வளர்ப்பதுதான் வேலை. புதன்கிழமை காலையில் மட்டும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உடற்கூறியல் நடத்துவாள். செல்லுக்குத் தீனியான திரவத்தை வேளாவேளைக்கு மாற்றாவிட்டால் அது செத்துவிடும். வகுப்புக்குப் போகாவிட்டால் இவள் செத்துவிடுவாள். இரண்டு குதிரையில் சவாரி செய்கிறாள் என்று அம்மா போனில் தினமும் திட்டுவாள்.

"இன்னொரு தடவை கிளாஸால வேலை கெட்டுச்சுன்னா, கிளாஸ் கட்" என்று அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு எச்சரித்திருந்தார். போன புதன் ஒரு தட்டு முழுக்கச் செத்துப்போனது. அவரிடம் அவள் மூச்சுவிடவில்லை.

இந்தப் புதன் மதியம் அவள் ஆராய்ச்சிக்கு ஆண்டு மதிப்பீடு. காலையில் முகத் தசைப் பாடம். பாடம் நடத்த வைத்திருந்த பொம்மைத் தலையை எவரோ தூக்கிப் போயிருந்தார்கள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? கோட்டுப் பையில் இருந்த பேனாவை எடுத்தாள். கைப்பேசியில் முகம் பார்த்து, இடது பாதியில் தசைகளைக் கோடு கோடாக இழுத்தாள். பல்லைக் காட்டி, மூக்கைச் சுளித்து, பிள்ளைகளைச் சிரிக்க வைத்தே பாடத்தை முடித்தாள். பெருமை தாங்கவில்லை.

குழாயடியில்தான் புத்தி வந்தது. அது ஆய்வகப் பேனா. குப்பிமேல் எழுதியது ஸ்பிரிட் பட்டாலும் அழியக்கூடாது என்று அவளே தேடித்தேடி வாங்கியது. சோப்பு போட்டாள், எண்ணெய் தேய்த்தாள். தோல்தான் சிவந்தது. மாஸ்க் போட்டால் நெற்றிக் கோடுகள் மேலே எட்டிப் பார்த்தன. வருவது வரட்டும் என்று போய் நின்றாள்.

அறையில் கைடும், வெளியிலிருந்து வந்த பேராசிரியை ஒருவரும் இருந்தார்கள்.

"முகத்துல என்னம்மா?" என்றார் பேராசிரியை.

"பாடம், மேடம்."

கைடு கண்ணை மூடித் திறந்தார். "செல்லெல்லாம் நல்லா இருக்கா?"

"சூப்பரா இருக்கு சார்" என்று சிரித்து வைத்தாள்.

"இரு, இரு. கன்னத்துத் தசை மேல போகுது. கண்ணைச் சுத்தி இருக்கிறது ஏன் அசையவே இல்ல?" என்று பேராசிரியை எட்டிப் பார்த்தார்.

"அது பொய்ச் சிரிப்பு மேடம். நிஜமா சிரிச்சாதான் கண்ணு சுருங்கும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாடம் நடத்துகிற வாய், யார் கேட்டாலும் பதில் சொல்லிவிடுகிறது.

"ஒரு தட்டு செத்துப்போச்சு சார். நான் கிளாஸ்ல இருந்தேன்" என்றாள். போயிற்று, வகுப்பு போயே போயிற்று. அழுகை முட்டியது.

பேராசிரியை தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பொய்யாகச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ தெளிவா சொல்லித் தர்ற பொண்ணை யாராவது நிறுத்துவாங்களா சார்?"

கைடு பெருமூச்சு விட்டார். "தட்டு போனா போகுது. என்கிட்ட மறைச்சே பாரு, அதுதான் எனக்கு வருத்தம். நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்? கிளாஸை விடாதே. புதன்கிழமை தீனி நான் மாத்துறேன்."

அவள் சிரித்தாள்; இந்தத் தடவை கண்ணைச் சுற்றி வரைந்த கோடுகளும் சுருங்கின.

அடுத்த புதன், வகுப்பு நடுவே கைடு போன் செய்தார். அவர் தட்டைத் தொட்டு வருஷக்கணக்காகிறது.

"தீனி எந்த ஃபிரிட்ஜ்மா?"

"ஜன்னல் பக்கத்து ஃபிரிட்ஜ் சார், மேல் தட்டு. பதமா சூடுபடுத்திட்டு ஊத்துங்க." வகுப்பே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. "கையுறை போட்டுக்கிட்டீங்களா சார்?"

அந்தப் பக்கம் ஏதோ டப்பா உருளும் சத்தம் கேட்டது.

"சார்?"

"இதோ போட்டுக்கிறேன்மா" என்றார் கைடு.