உப்பு சோப்பு வெட்டிய வியாழக்கிழமை

சத்தியவேடு பக்கம் அந்த ஊரில் ரமணாவின் வீட்டுக்கும் அவன் அண்ணன் சிட்டிபாபுவின் வீட்டுக்கும் சேர்த்து ஒரே கொல்லை. நடுவில் ஒரு அடிபம்பு. பம்பு அடிக்கிற சத்தத்தைக் கேட்டே, அடிப்பது எந்த ஓரகத்தி, எவ்வளவு கோபத்தில் அடிக்கிறாள் என்று தெருவில் சொல்லிவிடுவார்கள். ரமணாவின் மனைவி பத்மினியும் சிட்டிபாபுவின் மனைவி யசோதாவும் முகம் பார்த்துப் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே வேனில் வேலைக்குப் போனவர்கள். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குள் கம்பெனிகள் வரிசையாகத் திறந்தபோது, காடு கழனியில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களெல்லாம் சீருடை போட்டுக்கொண்டு, கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு விடியற்காலை வேனுக்கு நின்றார்கள். யசோதா முதலில் சேர்ந்தாள். ஆறு மாதம் கழித்து பத்மினியையும் அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். பத்மினிக்குக் கிடைத்தது பாகங்களைக் கழுவுகிற வேலை. ஒரு வெள்ளைத் திரவத்தில் முக்கி, எடுத்து, துடைத்து அடுக்க வேண்டும். கையுறை கிழிந்தால் புதுசு வர நாலைந்து நாள் ஆகும். மூன்றாவது வருஷம் அவள் விரல்களில் தோல் உரிய ஆரம்பித்தது. உள்ளங்கையில் கோடு கோடாக வெடித்து, சோற்றில் கை வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

ஒருநாள் ஆபீசில் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன வயசு அதிகாரி பத்மினியின் கையைப் பார்த்துவிட்டு, அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற யசோதாவிடம், இந்தம்மாவுக்கு இது எத்தனை நாளாக இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டான். யசோதா அந்த மாதம்தான் லைன் லீடர் ஆகியிருந்தாள்.

"கல்யாணம் ஆகி வந்தப்பவே அவளுக்குக் கை இப்படித்தான் சார்," என்றாள்.

அவ்வளவுதான். பத்மினியின் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாயந்தரம் வேனில் இரண்டு பேரும் வழக்கம்போலப் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். ஊர் முனையில் இறங்கும்போது பத்மினி சொன்னாள்: "நீ சொன்னத நான் சாவுற வரைக்கும் மறக்கமாட்டேன்." யசோதா, "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க," என்றாள். அதற்கப்புறம் பேச்சு இல்லை.

பத்மினி நகரிக்காரி. விசைத்தறி ஓட்டிய பச்சையப்பனின் மூன்றாவது மகள். கோபத்தை ஆற விடாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தவள். யசோதா துணி துவைக்க வரும் நேரம் பார்த்து இவளும் பம்புக்குப் போவாள். வேண்டுமென்றே நாலு குடம் அதிகமாக அடிப்பாள். யசோதாவும் சளைத்தவள் இல்லை. எச்சில் தட்டு கழுவின தண்ணீரை இவள் வாசல் பக்கமாகத் திருப்பிவிடுவாள்.

ரமணா அப்போது பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பலமனேர் வழியாக பஸ் பிடித்து வந்துபோவான். 2017 சங்கராந்திக்கு வந்தவன் பத்மினிக்கு ஒரு டச் போன் வாங்கி வந்தான். அவன் கிளம்பிப் போன பிறகு, பொழுது போகாமல் அதில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு தெலுங்குக்காரி வீட்டிலேயே சோப்பு செய்வதைப் பார்த்தாள். சாதாரண சோப்பு இல்லை. தேங்காயெண்ணெய், காஸ்டிக் சோடா, அதோடு அரைக் கிலோ உப்பு. உப்பா என்று பத்மினிக்கு ஆச்சரியம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது போர் தண்ணீரில் துணி துவைக்கிற எவளுக்கும் தெரியும். வீடியோக்காரி அதற்கும் பதில் சொன்னாள்: தேங்காயெண்ணெய் சோப்பு ஒன்றுதான் உப்பிலும் நுரைக்குமாம். வேறு எண்ணெய் கலந்தால் கெட்டதாம். இன்னொன்றும் சொன்னாள். உப்பு சோப்பு சீக்கிரம் இறுகிவிடும். ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள், சூடு இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். விட்டால் கல். கத்தி வைத்தால் பொடிப்பொடியாக உதிரும்.

அந்த வீடியோவைப் பத்மினி எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கில்லை. கை வேலைக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினார்களே, அந்தக் கையால் எதையாவது செய்துகாட்ட வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குள் முள் மாதிரி கிடந்தது. புத்தூருக்குப் போய் செக்கில் ஆட்டின எண்ணெய் வாங்கினாள். கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கினாள். கல்லுப்பைக் காயவைத்து மிக்ஸியில் மாவாக அரைத்தாள். ஆப்பிள் பெட்டிப் பலகையை அறுத்து நீள அச்சு ஒன்று அடித்து, உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்தாள். கடைசியாக ஒரு புதன்கிழமை, ஹார்டுவேர் கடையில் காஸ்டிக் சோடா வாங்கி வந்தாள். பாக்கெட்டின் மேல் மண்டையோடு படம் போட்டிருந்தது. அவள் பையிலிருந்து அதை எடுத்து ஜன்னலில் வைத்ததை யசோதா பம்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை யசோதாவின் கோழிகளில் இரண்டு கொல்லையில் செத்துக் கிடந்தன.

அந்த வாரமே தெருவில் ஏழெட்டு வீட்டுக் கோழிகள் கழுத்து தொங்கி, வெள்ளையாகக் கழிந்து செத்திருந்தன. அது யசோதாவுக்கும் தெரியும். ஆனால் அன்று அவளுக்கு வார லீவு, சிட்டிபாபுவும் வீட்டில் இருந்தான். செத்த கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடுக் கொல்லையில் நின்று கத்தினாள்.

"விஷம் வாங்கியாந்து வெச்சிக்கினு இருக்கா. நேத்து என் கண்ணால பார்த்தேன். இன்னிக்கி கோழி, நாளைக்கி என் புள்ளைங்க."

பத்மினி வெளியே வந்தாள். கையில் அந்தப் பாக்கெட். வாயைத் தைத்த நூல்கூட அவிழாமல் இருந்தது.

"பிரிக்கவே இல்ல. கண்ணு தெரியுதா உனக்கு?"

"ஒரு பாக்கெட்டுதான் வாங்கினியா? யாருக்குத் தெரியும்?"

"கம்பெனில பொய் சொன்ன வாய்தான அது. இதுவும் சொல்லும்."

சிட்டிபாபு நடுவில் வந்தான். தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசும் வழக்கம் அவனுக்கு இல்லை. காற்றைப் பார்த்து, "சாயந்தரம் பெரியவங்க கிட்ட பேசிக்கலாம்," என்று சொல்லிவிட்டு முனிசாமி வீட்டுக்குப் போனான். ஊரில் எந்தத் தகராறு என்றாலும் முனிசாமிதான் நாலு பேரைக் கூட்டி உட்காருவார். நாலரை மணிக்கு, பால் ஊற்றுகிற சென்டருக்கு முன்னால் என்று முடிவானது.

அதைச் சொல்ல தலையாரி நாகையா வந்தார். நல்ல மனுஷர். பத்மினி கையில் இருந்த பாக்கெட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அத்த அப்பிடியே எடுத்தாந்து காட்டு. தைச்ச நூலு அவுரல பாரு. அது ஒன்னே போதும். ரெண்டு வார்த்தைல முடிஞ்சிடும்," என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்று பத்மினிக்கும் தெரிந்தது. தெரிந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆபீசில் கையை நீட்டிக் காட்டினாள், என்ன நடந்தது? இனி யார் முன்னாலும் எதையும் நீட்டிக் காட்டுவதில்லை என்று அவளுக்குள் ஏதோ இறுகிப்போனது. நாகையா தெரு திரும்புவதற்குள் கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள்.

முகத்தில் துணி கட்டிக்கொண்டாள். பழைய கம்பெனிக் கையுறை ஒரு ஜோடி இருந்தது, அதைப் போட்டுக்கொண்டாள். தராசில் வைத்துக் காஸ்டிக்கை அளந்து, எவர்சில்வர் பாத்திரத்தில் இருந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினாள். தண்ணீரைத்தான் முதலில் வைக்க வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் சீறி அடிக்கும் என்று வீடியோக்காரி பத்து முறை சொல்லியிருந்தாள். அடுப்பு இல்லாமலே பாத்திரம் கொதிக்கிற சூடு வந்தது. எழுந்த ஆவி மூக்கில் ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. கொல்லையின் அந்தப் பக்கத்திலிருந்து, "பாரு, பாரு, ஆசிட்டு காய்ச்சறா," என்ற குரல் கேட்டது. ஒரு சொட்டு மணிக்கட்டில் தெறித்தது. பம்புக்கு ஓடி, யசோதா பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு கையால் அடித்து, அடுத்த கையை வெகுநேரம் தண்ணீரில் பிடித்தாள். முகத்தில் வலியைக் காட்டவில்லை.

கரைசல் ஆறக் காத்திருந்து எண்ணெயில் ஊற்றினாள். மரக் கரண்டியால் கிண்ட ஆரம்பித்தபோது மணி ஒன்றரை. வீடியோவில் மிஷின் வைத்து ஐந்து நிமிஷத்தில் முடித்தாள் அந்தப் பெண். பத்மினிக்கு ஒரு மணி நேரம் ஆனது. தோள் கழன்றுவிடும் போல இருந்தது. எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்து பிரிந்து நின்றது. கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தாள். பிறகு கரண்டியைத் தூக்கியபோது சொட்டு உடனே மறையாமல் மேலேயே கோடாக நின்றது. உப்பைக் கொட்டிக் கலக்கினாள். கூழ் சட்டென்று கனத்தது. அள்ளி அச்சில் நிரப்பி, கோணி போட்டு மூடியபோது மூன்றாகப் போகிறது.

அதற்கப்புறம்தான் கணக்குப் போட்டாள். நாலரைக்கு அங்கே போனால் பேசி முடிய எப்படியும் ஆறு. அதற்குள் இது கல்லாகிவிடும். நாலரைக்கு முன்னால் தொட்டுப் பார்த்தாள். விரல் பதிந்து ஒட்டியது, வெட்ட முடியாது. 

நாகையா வந்து நின்றார். "அந்தரு ஒச்சேசினாரு. எல்லாரும் வந்துட்டாங்கம்மா. கிளம்பு."

"வரல."

"அந்தப் பாக்கெட்டாவது குடு. நான் காட்டறேன்."

"பிரிச்சிட்டேன்."

நாகையா அவளையே பார்த்தார். "இன்னா வேல பண்ண நீ. இப்ப போய் நீ எதச் சொன்னா எவன் நம்புவான்?"

"நம்ப வேணாம். எனக்கு இங்க வேல இருக்குது."

அரை மணி கழித்து போன் அடித்தது. பெங்களூரிலிருந்து ரமணா. அண்ணன் அவனுக்குச் சொல்லிவிட்டான். "போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாயேன். பெரியவங்கள மதிக்கலன்னு ஆயிடும். மானம் போவுது எனக்கு."

"உங்கண்ணி என்னப் பத்திச் சொன்னப்ப உன் மானம் எங்க இருந்துச்சி?"

"சோப்பு முக்கியமா, சொந்தம் முக்கியமா?"

"இன்னிக்கி சோப்பு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோணியை எடுத்தாள். அச்சு கை சுடுகிற சூட்டில் இருந்தது. மேலே வெள்ளையாக மெழுகுபோல் மின்னியது. நகம் வைத்தால் இறங்கியது, ஆனால் ஒட்டவில்லை. இதுதான் நேரம். பலகையைக் கழற்றி, தாளைப் பிரித்து, அரிவாள்மனையைத் தவிர்த்துவிட்டு, நீளக் கத்தியை எடுத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். முதல் துண்டு சுத்தமாக விழுந்தது. வாசலில் சத்தம் கேட்டது. சிட்டிபாபுவோடு இரண்டு பேர் வந்து நின்றுகொண்டு, வெளியே வந்து பதில் சொல்லச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவன் கதவைத் தட்டினான். அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். பத்தாவது துண்டுக்குப் பிறகு கத்தி முரண்டு பிடித்தது. கடைசி மூன்று துண்டுகள் ஓரம் உடைந்து மணலாகக் கொட்டின. மொத்தம் பதிமூன்று. உதிர்ந்த தூளைக்கூட வாரி ஒரு கிண்ணத்தில் போட்டாள். கதவைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை.

அவள் இல்லாமலே தீர்ப்பு ஆகிவிட்டிருந்தது. கோழிக்கு அபராதம் எதுவும் போடவில்லை. கூப்பிட்டும் வராதவளோடு ஒரே கொல்லையில் இருக்க முடியாது, பிரித்துக் கொடுங்கள் என்று சிட்டிபாபு கேட்டான். கொல்லையை இரண்டாகப் பிரித்துச் சுவர் வைத்துக்கொள்ள முனிசாமி சம்மதித்தார். சுவர் எங்கே வருவது என்று கேட்க ரமணா ஊரில் இல்லை, பத்மினி அந்த இடத்தில் இல்லை. பத்து நாளில் ஹாலோ பிளாக் அடுக்கி ஆளுயரத்துக்கு எழுப்பிவிட்டார்கள். பம்பு அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு பத்மினி தெருக்கோடிக் குழாயிலிருந்துதான் தண்ணீர் தூக்கினாள். அங்கேயும் அவள் குடத்தை வைத்தால் மற்ற பெண்கள் தங்கள் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

சோப்புகள் ஐந்து வாரம் வலைத்தட்டில் காய்ந்தன. முதல் கட்டியை அவள்தான் தேய்த்துப் பார்த்தாள். நுரை, சோப்பு விளம்பரத்தில் வருவது மாதிரி பொங்கவில்லை. பால் மாதிரி, கெட்டியாக, மெதுவாக வந்தது. கட்டி கூழாங்கல் போல வழுவழுவென்று கையில் உட்கார்ந்தது. அவள் கை அதற்கு முன்பே பாதி ஆறியிருந்தது, கம்பெனித் திரவம் படாததால். சோப்பால்தான் ஆறியது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. எரியவில்லை, அது போதும் என்பாள்.

வேனில் போகிற பெண்களில் இரண்டு பேர், யசோதா கண்ணில் படாமல் வந்து ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். அடுத்த மாதம் ஆறு பேர் வந்தார்கள். ஊரில் தண்ணீருக்கும் பேச்சுக்கும் பட்ட பாடு போதும் என்று, அடுத்த வருஷம் ஆடி கழிந்ததும் பத்மினி வடமாலபேட்டையில், சென்னை ரோட்டு மேலேயே, ஷெட்டோடு ஒரு வீடு பிடித்துக்கொண்டு போய்விட்டாள். ரமணா மூன்று மாதம் முறைத்துக்கொண்டு பெங்களூரிலேயே இருந்தான். பிறகு வந்து சேர்ந்தான். சோப்புப் பெட்டி கட்டுவது, பஸ்ஸில் ஏற்றுவது எல்லாம் அவன். காஸ்டிக்கை மட்டும் அவள் அவனிடம் விடுவதில்லை.

பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் பம்பு நம்மிடம் இருந்திருக்கும் என்று ரமணா எப்போதாவது சொல்வான். "இருந்திருக்கும்," என்பாள் பத்மினி. அதற்கு மேல் பேசமாட்டாள்.

யசோதாவின் மூத்த மகளுக்குப் புத்தூரில் கல்யாணம் வைத்தார்கள். பத்திரிகையின் உறை மேல் ரமணா பெயர் மட்டும் எழுதியிருந்தது. அவன் தனியாகப் போய்விட்டு, சாயந்தரம் வாழையிலையில் கட்டின சாப்பாட்டோடு வந்தான். யார் கட்டிக் கொடுத்தது என்று அவள் கேட்டாள். அவன் சட்டையைக் கழற்றி மாட்டுவதில் மும்முரமாக இருந்தான். பத்மினி பொட்டலத்தைப் பிரித்தாள். வடையைத் தின்றாள், புளியோதரையைத் தின்றாள். லட்டை எடுத்து அவன் பக்கம் தள்ளிவிட்டு, கை கழுவ எழுந்தாள்.