சைக்கிளில் ஒரு சிவப்புக் கதிரை

ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு ஞானேஸ்வரி ஸ்பெயினுக்குப் போய்வந்தாள். போய்வர இருபது நிமிடம்.

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில், அவள் வேலைசெய்த முதியோர் இல்லத்தில் பதினோராம் அறைக்காரர் ஐனார். எண்பத்துமூன்று வயது. நாற்பது வருடம் லொறி ஓட்டியவர். பாரிசவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. அவரைத் தூக்கி, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் இருத்தி, இடதுகால் வழுக்காதபடி மிதியோடு வாரால் கட்டி, தொலைக்காட்சியில் படத்தைப் போட்டுவிடுவது அவளுடைய வேலை. படம் ஐனாரின் மகன் எடுத்தது. ஸ்பெயினில், தண்டவாளம் பிடுங்கிய பழைய ரயில்பாதை ஒன்றில், சைக்கிள் கைபிடியில் கமராவைப் பூட்டிக்கொண்டு ஓடியிருந்தான். சல்லிக்கல் பாதை. இரண்டு பக்கமும் வைனுக்கான திராட்சைத் தோட்டங்கள், பழம் ஆய்ந்து முடிந்து இலை சிவந்த காலம். பிறகு ஒரு சுரங்கம். அதால் வெளியே வந்தால் பாதை மலை இடுக்குக்குள் இறங்கும், கீழே ஆறு பச்சையாய் ஓடும். படம் முழுக்க ஒரு காரில்லை, ஒரு லொறியில்லை. சில்லுக்குக் கீழே கல் நெரிபடும் சத்தம் மட்டும்தான்.

லொறி இல்லாத றோட்டைத் தனக்குக் காட்டக் கடவுள் வாதம் வரும்வரை காத்திருந்தார் என்று ஐனார் சொல்வார். வயதுபோன மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுவதற்கு ஞானேஸ்வரிக்கு ஒரு வருடம் எடுத்தது. அவரை ஏசப் பழகுவதற்கு அவ்வளவு எடுக்கவில்லை. காலை உன்னி மிதிக்காமல் சும்மா இருந்தாரென்றால், இப்படிப் போனால் சுரங்கத்துக்குள்ளேயே மத்தியானச் சாப்பாடு வந்துவிடும் என்பாள். அவர் சிரித்துக்கொண்டு இரண்டு மிதி மிதிப்பார்.

அது 2009ஆம் ஆண்டு. மாசி மாதத்தில் அந்த இருபது நிமிடம் அவளுக்கு மருந்துமாதிரி இருந்தது. அவளுடைய தம்பி பாலேந்திரா மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். மாசி பதினொன்றில் யாரோ ஒருவருடைய போனிலிருந்து ஒரு நிமிடம் கதைத்தான். விசுவமடு வீட்டை விட்டு வெளிக்கிட்டாயிற்று, இன்னும் கிழக்காலே போகிறோம், பிறகு எடுக்கிறேன் என்றான். பிறகு எடுக்கவில்லை. பங்குனி போய்ச் சித்திரை வந்தபோது அந்தப் படம் அவளுக்கு ஒவ்வாமல் போயிற்று. இவ்வளவு நீளமான றோட்டில் ஒரு சனமும் இல்லையென்றால் என்ன றோட்டு அது? அங்கே சனத்துக்கு நிற்க இடமில்லை; இங்கே றோட்டுக்கு ஆளில்லை.

வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். வீட்டில் ஒருவரும் சத்தம்போட்டு அழவில்லை. மகள் சாரங்கிக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, கணவர் இராசரத்தினத்துக்குத் தொழிற்சாலை இருந்தது, அவளுக்கு ஐனார் இருந்தார். வேலை முடிந்து வந்தால் கம்பியூட்டர். ஆட்கள் வெளியேறி வருகிற வீடியோத் துண்டுகளை ஆராராவது அனுப்புவார்கள். இராசரத்தினம் ஓடவிடுவார், அவள் நிறுத்தச் சொல்லுவாள். முகம் முகமாகப் பார்ப்பார்கள். அந்தக் கிழமைகளில் டென்மார்க்கில் எத்தனையோ தமிழ் வீடுகளில் அதுதான் தொழிலாயிருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெங்காயம் வெட்டின கத்தியோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தச் சொன்னாள். வட்டுவாகல் பாலத்தால் வருகிற சனம். ஓரமாக ஒரு கிழவர், கையில் காயக்கட்டு, சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வருகிறார். சைக்கிளின் கரியரில் சிவப்பாய், முதுகு உயர்ந்த ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதற்குள் ஒரு மூட்டை.

"அது எங்கடை கதிரை," என்றாள்.

இராசரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிவப்பாய் ஆயிரம் சாமான் இருக்கும் என்றார். அவருக்கும் தெரியும், அப்படியொரு கதிரை வன்னியில் ஆயிரம் இல்லை, ஒன்றுதான் இருந்தது.

சமாதான காலத்தில், 2003இல், ஊருக்குப் போனபோது கொண்டுபோனது. சாரங்கியைப் பின்னால் இருத்தி டேகேயருக்கு ஏற்றி இறக்கின டெனிஷ் சைக்கிள் கதிரை; அவள் வளர்ந்த பிறகு நிலவறையில் கிடந்தது. விமானத்தில் கொண்டுபோய், ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இது என்ன சாமான் என்று நாலுபேருக்கு விளங்கப்படுத்தி, விசுவமடுவில் தம்பியின் சைக்கிளில் பூட்டிக் கொடுத்தாள். தம்பி கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர்; கிளாக்கருக்குச் சிம்மாசனம் வந்திருக்கு என்று அயல் முழுக்கப் பகிடி. பாலேந்திரா வெட்கப்பட்டான், ஆனால் கழற்றவில்லை. முதலில் மூத்தவள் இருந்தாள், பிறகு பிறந்த சாருஜன் இருந்தான். பெல்ட்டை எப்படிப் பூட்டுவது என்று ஞானேஸ்வரிதான் பழக்கினாள். இரண்டு பக்கமும் ஒன்றாய் அமத்தினால்தான் கழரும், தெரியாதவன் இழுத்தால் கழராது. பிள்ளை இல்லாட்டிலும் பெல்ட்டைப் பூட்டிவிடு, தொங்கவிட்டால் கம்பிக்குள் சிக்கும் என்று வெளிக்கிடும் நாளன்றும் சொல்லிவிட்டு வந்தாள். ஓம் அக்கா, நீங்கள் டென்மார்க்காரி, நாங்கள் காட்டார் என்றான் அவன்.

திங்கட்கிழமை சுரங்கத்துக்கு முன்னால், படத்தில் பாதையோரம், அவள் இதுவரை கவனித்திராத ஒரு மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மூன்று விநாடி. ஞானேஸ்வரியின் கை தன்பாட்டில் றிமோட்டை அமத்திவிட்டது. படம் நின்றது. ஐனார் நிற்கிற படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டிருந்துவிட்டு, ஆர் அது, சொந்தக்காரரோ என்று கேட்டார். அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். இல்லத்தில் வேறு ஒருவருக்கும் அவள் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப கிழவனைத் தேடு," என்றார் அவர். "ஆளை விடு. சைக்கிளை ஆர் வைச்சிருந்தது எண்டு தேடு."

அவருக்குத் தெரியாது, ஆனால் அதுதான் நடக்கக்கூடிய காரியமாயிருந்தது. மூன்று இலட்சம் சனத்துக்குள் ஒரு பெயரைத் தேடுவது வேறு, சிவப்புச் சிம்மாசனம் உருட்டின கிழவரைத் தேடுவது வேறு. இராசரத்தினத்தின் ஒன்றுவிட்ட தங்கை புஷ்பராணி வெளியேறிவந்த சனத்தை அடைத்துவைத்த செட்டிகுளம் முகாமில் இருந்தாள். ஒளித்துவைத்த போன் ஒன்று கூடாரம் கூடாரமாய்க் கைமாறியது. ஆனி முழுக்கப் புஷ்பராணி தண்ணீர் வரிசையில் நிற்கிறவர்களிடம் கேட்டாள். ஆடி பிறந்து ஒன்பதாம் நாள், ஞானேஸ்வரி புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மனுசன் பக்கத்தில்தான் நிற்கிறார், கதையுங்கோ அண்ணி என்றாள் புஷ்பராணி.

"பிள்ளை, அதை நான் களவெடுக்கேல்லை," என்றுதான் கிழவர் தொடங்கினார்.

"தெரியும் ஐயா. எங்கை நிண்டது?"

"றோட்டுக்கரையிலை, ஒரு பனையோடை. மற்றச் சைக்கிளெல்லாம் விழுந்து கிடந்தது. இது ஸ்ராண்டிலை நிண்டது. வைகாசி பதினாறாம் திகதி விடிய. சுத்திவர ஆளில்லை, பிள்ளை. நான் கூப்பிட்டும் பாத்தனான். என்ரை மனுசிக்கு ஏலாது, மூட்டையை வைக்க எடுத்தன். பாலம் தாண்டின உடனை ஆமி எல்லாத்தையும் விட்டிட்டுப் போகச் சொன்னவன். அங்கை கிடக்கும்."

மா ஒட்டின கையால் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள். "கதிரையிலை ஒரு பெல்ட் இருந்திருக்கும். அது வெட்டியிருந்ததோ, கழண்டிருந்ததோ?"

"இல்லை, பூட்டித்தான் கிடந்தது. எனக்குக் கழட்டத் தெரியேல்லை. மேலாலை மூட்டையை வைச்சன்."

"சாமான் ஏதும் இருந்ததோ?"

"ஒண்டுமில்லை பிள்ளை. வடிவாய்த் துடைச்சமாதிரி இருந்தது."

போனில் அவ்வளவுதான் நேரம் இருந்தது.

இராசரத்தினத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரத்தமில்லை, வெட்டவில்லை, பிள்ளையை ஆறுதலாய் இறக்கியிருக்கிறான், பெல்ட்டைப் பூட்டியிருக்கிறான், ஸ்ராண்டில் விட்டிருக்கிறான். அப்ப உயிரோடைதான் போயிருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி அறைக்குள் நடந்தார். சாரங்கி டெனிஷில், அப்படியென்றால் மாமா எங்கே என்று கேட்டாள். ஞானேஸ்வரி புட்டை அவித்து இறக்கினாள். அன்றைக்கும் அடுத்த நாளும் அவளும் கணவரின் பக்கம்தான் நின்றாள். தான் சொன்னபடி தம்பி செய்திருக்கிறான் என்பதில் ஒரு பெருமைகூட வந்தது; வந்ததை நினைத்து வெட்கமாயிருந்தது.

அடுத்த கிழமை, காணாமல்போனவர்களைத் தேடுவதற்கான படிவம் வந்தது. சாரங்கி ஆங்கிலத்தில் நிரப்பினாள். பெயர் நாலும் எழுதியாயிற்று, பிறந்த திகதி எழுதியாயிற்று. கடைசியாகக் கண்டவர் யார் என்ற இடத்தில் பேனை நின்றது. கிழவர் சைக்கிளைத்தான் கண்டார். அவனைக் கண்டவர் இல்லை. மனைவியையோ பிள்ளைகளையோ கண்டவர்களும் இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டே அனுப்பினார்கள்.

படிவம் அனுப்பிய மறுநாள் ஐனார் கேட்டார், கிழவன் அகப்பட்டானா என்று. அவர் மறக்கவில்லை, மறக்கக்கூடிய மூளை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் அவரைச் சைக்கிளில் இருத்திக்கொண்டே சொன்னாள். பனை, ஸ்ராண்ட், பூட்டின பெல்ட். சொல்லி முடித்துவிட்டு, கணவர் அதை நல்ல அறிகுறி என்கிறார் என்றும் சொன்னாள்.

ஐனார் தன் செத்த இடதுகையை வலதுகையால் தூக்கிக் கைபிடியில் வைத்தார்.

"நான் லொறியை எத்தனையோ தரம் றோட்டுக்கரையிலை விட்டிட்டு இறங்கியிருக்கிறன்," என்றார். "விட்டுப்போட்டு ஓடுறவன் ஒண்டையும் பூட்டமாட்டான். திரும்பி வரப்போறவன்தான் பூட்டுவான்."

"ஓம்," என்றாள் ஞானேஸ்வரி. அந்தச் சொல் டெனிஷில் வரவில்லை, தமிழில்தான் வந்தது.

அது அவளுக்கு மூன்று நாளாகத் தெரியும். தண்ணீருக்கோ, பதுங்க ஒரு குழிக்கோ, மனைவியைத் தேடியோ, ஐந்து நிமிடத்தில் வாறன் என்று இறங்கியிருக்கிறான். சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. வேறொருவர் வந்து எடுக்கும்வரை நின்றது.

தான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று ஐனார் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். குனிந்து அவருடைய இடதுகாலைத் தூக்கி மிதியில் வைத்து வாரை இழுத்துக் கட்டினாள். இறுக்கமாய் இருக்கிறது என்றார். ஒரு துவாரம் தளர்த்திவிட்டாள். இப்போது சரி என்றார்.

படத்தைப் போட்டாள். திராட்சைத் தோட்டம் வந்தது. கல் நெரிபடத் தொடங்கியது.