புது அரிசி என்று செல்வி சொன்னாள்

மாசி கடைசிச் சனிக்கிழமை சின்னமனூருக்கும் அங்கிருந்து மார்க்கையன்கோட்டைக்கும் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அரிசியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், செல்வியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டில் முதல் வேலையைத்தான் உருப்படியாக முடித்தேன்.

செல்வி எங்கள் மதுரை வீட்டில் மூன்று வருடம் சமையல் செய்தவள். மார்க்கையன்கோட்டைக்காரி. இரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவின் திதிக்கு வழக்கமான கடையில் ஒரு மூட்டை பச்சரிசி வாங்கினேன். செல்வி நாலு அரிசி மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது புது அரிசி. குக்கர் வேணாம், பானையில வடிச்சிருவோம். இல்லாட்டி தண்ணியவாச்சும் குறைப்போம்" என்றாள். நான் வேதியியல் படித்தவள். எனக்கு அளவு என்றால் அளவுதான். அதே கடை, அதே மூட்டை, ஒன்றுக்கு மூன்று டம்ளர், குக்கரிலேயே வை என்றேன்.

சோறு களி மாதிரி வந்தது. பந்தியில் சொந்தக்காரர்கள் இலையில் அதைக் கட்டியாக உடைத்துக்கொண்டிருந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் செல்வியைப் பார்த்துச் சொன்னேன்: "நெல்லு விளையிற ஊர்லருந்து வந்தவதானா நீ?" அவள் மறுநாளிலிருந்து வரவில்லை.

அதன்பிறகு ஆள் வைக்காமல் நானே சமைத்தேன். போன தை மாதம் ஒரு மூட்டையைப் பிரித்தேன். அதே குக்கர், அதே டம்ளர், அதே களி. கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "புது அரிசி மேடம். தண்ணி குறைச்சு வைக்கணும்." அன்றுதான் இந்தப் பயணத்தை முடிவு செய்தேன்.

காலை 6.15க்கு ஆரப்பாளையத்தில் தேனி பஸ். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் தாண்டி 8.20க்குத் தேனி. கிட்டத்தட்ட 75 கிலோமீட்டர். பஸ் நிலையத்திலேயே கம்பம் பஸ் நிற்கும், ஏறிவிடலாம். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் மேகமலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். 9.10க்குச் சின்னமனூரில் இறங்கினேன். அறுவடைக் காலம். வழியெல்லாம் அறுக்கும் இயந்திரங்கள், சாலையோரத்தில் காயப்போட்ட நெல். இந்தச் சமயத்தில் போகிறவர்கள் தும்மலுக்குக் கைக்குட்டை எடுத்துப்போங்கள்.

ஊருக்கு வெளியே ஒரு சிறிய ரைஸ் மில். அங்கே மேற்பார்வை பார்க்கும் அழகர் என்பவரிடம் பொன்னி இருக்கிறதா என்று கேட்டேன்.

"பேர விடுங்கம்மா. எத்தன மாசத்து அரிசி ஆக்குறீக? அதச் சொல்லுங்க மொதல்ல."

"கடையில குடுக்கிறதுதான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளங்கையில் இரண்டு பிடி வைத்தார். ஒன்று பளிச்சென்ற வெள்ளை. இன்னொன்றில் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. "கடிங்க" என்றார். வெள்ளை பல்லில் மாவாக ஒட்டியது. மற்றது நொறுங்கியது. புதிது குறைந்த தண்ணீரிலேயே வெந்து குழையும், ஒரு வருடம் போனது தண்ணீரை இழுத்து உதிரியாக மலரும். நெல் ஒரே நெல்தான்.

பிறகு சுற்றிக் காட்டினார். நெல்லை அப்படியே அரைத்தால் பச்சரிசி, ஊறவைத்து அவித்துக் காயவைத்து அரைத்தால் புழுங்கல். மெல்லிய ஆர்.என்.ஆர். ரகம் சாப்பாட்டுக்கு, குண்டரிசி இட்லிக்கு. மலைக்கு அந்தப்பக்கம் போவதற்கென்று சிவப்பு மட்டை அரிசி தனியாக அடுக்கியிருந்தது. "கேரளாக்காரகளுக்கு நம்ம அரிசி தொண்டையில நிக்கிறதே இல்லையாம். நமக்கு அவுக அரிசி தொண்டையவிட்டு எறங்குறதே இல்ல" என்றார்.

சாக்கில் எல்லாம் ஒரே அச்சு. "அப்ப வாங்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"சாக்கு என்னத்தச் சொல்லும்? ஆக்குறவுகளுக்குத் தெரியும்ல. அவுகளக் கேட்டா சொல்லிட்டுப் போறாக."

ஒரு வருடப் பச்சரிசியில் பத்து கிலோ வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். மார்க்கையன்கோட்டைக்கு 150 ரூபாய், இருபது நிமிடம். செல்வியின் பழைய போன் எண் வேலை செய்யவில்லை.

"எந்தச் செல்வி? தெருவுக்கு நாலு செல்வி இருக்காக" என்றார் ஆட்டோக்காரர். மதுரையில் வீட்டு வேலைக்கு இருந்தவர் என்றேன். "அட, பாண்டி வீடா? அங்கன வாய்க்கா பக்கம்ல" என்று வாசலிலேயே இறக்கிவிட்டார்.

பாண்டி செல்வியின் கணவர். அவர்தான் அடுப்படியில் இருந்தார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் காலை பத்து மணிக்கே வந்துவிடுவாராம், மதியச் சமையல் அவருடையது. செல்வி வாழைப்பழக் கொட்டகையில் சீப்புக் கழுவும் வேலைக்குப் போகிறாள். ஒரு மணிக்குச் சாப்பிட வந்தவள் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"ஏக்கா, எங்கன இந்தப் பக்கம்? குக்கர் கெட்டுப்போச்சா?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "அன்னைக்கு அரிசி புதுசுன்னு எனக்குத் தெரியலை, செல்வி. மன்னிச்சிரு."

"தெரியலையா? நாந்தான் சொன்னேன்லக்கா."

கை கழுவிக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"சோறு கொழஞ்சதுக்கு வஞ்சிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன். ஊரச் சொன்னீகள்ல, அம்புட்டுப் பேரு முன்னால. அப்புறம் வேற ஒரு வீட்ல சேந்தேன். அரிசியில கைய வச்சாலே, இவுக என்ன சொல்லப் போறாகளோன்னு பயம் வந்துரும். ரெண்டு மாசந்தான். வாழைக்காய்க்குக் கொழையத் தெரியாதுன்னு இங்கன வந்துட்டேன்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மறுபடி வேலைக்கு வருகிறாயா என்று கேட்கும் எண்ணமும் மனதில் இருந்தது. அதைக் கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பு, மொச்சைக் கூட்டு. சோறு கரண்டியைவிட்டு இறங்காமல் ஒட்டியது. குழம்பை ஊற்றிப் பிசைந்தேன்.

பாண்டி வாய்க்காலுக்குக் கை கழுவப் போனதும் செல்வி என் பக்கம் சாய்ந்தாள். "கொழஞ்சிருக்குல்ல? புது நெல்லு, நேத்து அரைச்சது. தண்ணி சாஸ்தி வச்சிட்டாக."

"சொல்லலையா?"

"எதுக்கு? ஆசையா ஆக்கி வச்சிருக்காக. நாளைக்கு அவுகளே குறைச்சு வைப்பாக" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்குச் சின்னமனூர் வந்து பஸ் ஏறினேன். ஆறரைக்கு மதுரை.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே மில்லுக்குப் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் லாரி ஏற்றும் அவசரத்தில் யாரும் நின்று பேச மாட்டார்கள். ரகத்தின் பெயரைவிட, எப்போது அறுத்தது என்று கேளுங்கள். கடித்துப் பாருங்கள். எந்த மூட்டையைப் பிரித்தாலும் முதல் நாள் அரை டம்ளர் மட்டும் வேகவைத்துத் தண்ணீரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பச்சரிசி புதிதென்றால் பானையில் வடிப்பது நல்லது. உங்கள் வீட்டில் சமைப்பது வேறு ஒருவர் என்றால், அவர் கையில் நாலு அரிசி மணி கொடுத்து, அவர் சொல்கிற வரைக்கும் டம்ளரை எடுக்காதீர்கள்.

வாங்கிவந்த அரிசியை மறுநாள் ஆக்கினேன். பொலபொலவென்று ஒவ்வொரு பருக்கையும் தனியாக வந்தது. வீட்டில் இருக்கும் மூவரும் சாப்பிட்டோம். நன்றாக இருக்கிறது என்று மற்ற இருவரும் என்னைப் பாராட்டினார்கள்.