அதே கேசட்டில் பதில்

யாராவது குறுஞ்செய்தியில் ஒரு எண்ணை அனுப்பினால், கண்ணில் பட்ட கையோடு அதன் மேல் விரலை வைத்துப் பெயர் போட்டுச் சேமித்துவிடுவேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், எப்போதோ வந்து குழாய் மாட்டிவிட்டுப் போனவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த டீச்சர் எல்லோரும் என் போனில் இருக்கிறார்கள். "மெசேஜ்லயேதான் நம்பர் இருக்கே, எங்கம்மா போயிரப் போவுது?" என்று மகள் கேலி செய்வாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இதே பேச்சைப் பல வருஷங்களுக்கு முன்னால் எங்கள் அத்தா வாயால் கேட்டிருக்கிறேன். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

அது எண்பதுகளின் நடுவில். அரூரில் அத்தாவுக்குப் புளி வியாபாரம். புளித் தூசி தொண்டையிலேயே தங்கிவிட்டதால் எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒருமுறை செருமிக்கொள்வார். தெருமுனையில் செருமல் கேட்டதும் அம்மா சோற்றைப் போட ஆரம்பித்துவிடுவாள். நான் பத்தாவது முடித்துவிட்டு, மாப்பிள்ளை வரும்வரை வீட்டோடு இருக்க வேண்டியவளாக இருந்தேன்.

அண்ணன் சவுதியில் டிரைவர். கடிதம் எழுத உடம்பு வணங்காது. கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவான். அவர் திரும்பிப் போகும்போது அதே கேசட்டில் நாங்கள் பதில் பேசிக் கொடுப்போம். அவன் பேசியதை அழித்துக்கொண்டு எங்கள் பேச்சு பதியும். சவுதிக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் அப்போது இதுதான் வழக்கம். கடையில் புது கேசட் கிடைக்காமல் இல்லை. ஆனால், "எம் புள்ள கை பட்டது அவங்கிட்டயே போவட்டும்" என்பாள் அம்மா. அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

ஒரு மாங்காய் சீசனில் கம்பைநல்லூர்க்காரர் ஒருவர் கேசட் கொண்டுவந்தார். அண்ணன் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டானாம். பழைய விலாசத்துக்கு இனி எழுத வேண்டாம், புது விலாசம் இன்னும் சரியாகவில்லை என்றான். தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மலையாளத்துக்காரர் ஒருவரின் டீக்கடை இருக்கிறது, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அங்கேதான் இருப்பேன், அவசரம் என்றால் அங்கே போன் பண்ணுங்கள் என்று நிறுத்தி நிதானமாக ஒரு நம்பரைச் சொன்னான். நான் பென்சில் தேடி எழுந்தேன். அத்தா செருமினார்.

"எதுக்குப் புள்ள எழுதற? கேசட்லயேதான் இருக்குதே, எங்க போயிரப் போவுது? வேணுங்கறப்ப போட்டுக் கேட்டுக்கலாம்."

அத்தா சொன்னால் வீட்டில் அதற்குமேல் அப்பீல் கிடையாது. நானும் உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகு அம்மா அந்த கேசட்டைப் போடாத நாளில்லை. நம்பர் வரும் இடத்தில்தான் அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள்.

கம்பைநல்லூர்க்காரர் ஒருநாள் காலையில் திடீரென்று வந்து நின்றார். லீவைக் குறைத்துவிட்டார்களாம், அன்றைக்கே மெட்ராஸுக்குக் கிளம்ப வேண்டுமாம். அவரை டீ குடிக்க உட்கார வைத்துவிட்டு நாங்கள் உள்ளே டேப்ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்தோம். மரியாதைப்படி முதலில் அத்தா. செருமிவிட்டு, மழை, புளி விலை, என் கல்யாணப் பேச்சு என்று ஆரம்பித்து, நேரத்துக்குச் சாப்பிடு என்று முடித்தார். அடுத்து அம்மா பேசினாள், பாதி அழுகை. அப்புறம் நான். கடைசியாக, எங்களோடு இருந்த பெரியம்மா. அவர் நலம் விசாரித்த கையோடு கோடாலித் தைலம், பிளாஸ்க், பூப்போட்ட போர்வை என்று கேட்டுக்கொண்டே போனார். டேப் தீர்ந்து பொத்தான் தானாக மேலே எழும்பியதும்தான் நிறுத்தினார்.

சாயந்திரம் அண்ணன் குரலைக் கேட்கலாம் என்று பழக்கத்தில் அம்மா கேசட்டைத் தேடியபோதுதான், அதோடு நம்பரும் போய்விட்டது எல்லோருக்கும் உறைத்தது. அத்தா சிரித்தார். "சரி வுடு, அடுத்த தபா சொல்லுவான்" என்றார். நாங்களும் சிரித்தோம்.

நோன்பு மாதம் தொடங்கும் முன்பு அத்தாவுக்கு வாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. தர்மபுரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். படுத்தபடியே இடது கையால் டேப்ரெக்கார்டரைக் காட்டுவார். போடு, அவன் பேசுவதைக் கேட்கிறேன் என்று அர்த்தம். போட எங்களிடம் என்ன இருந்தது? அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நானும், அம்மாவின் தம்பியான மாமாவும் கம்பைநல்லூர் போனோம். அந்த மனிதரின் சம்சாரம் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "போன் நம்பரா? எங்கூட்லயும் கேசட்டுதாங்க" என்றார். அவரிடம் அவர் வீட்டுக்காரரின் கம்பெனி விலாசத்தை வாங்கி, அண்ணனிடம் சொல்லச் சொல்லித் தந்தி கொடுத்தோம். அந்த மனிதரைத் தூரத்துப் பாலைவனத்தில் எங்கோ வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். தந்தி கம்பெனி மேசையிலேயே கிடந்தது என்று பின்னால் தெரிந்தது. எத்தனை முறை கேட்டிருப்பேன் அந்த நம்பரை! கண்ணை மூடினால் அண்ணன் குரல் வரும், அவன் மூச்சு வாங்குவது வரும், நம்பர் மட்டும் வராது. என் மண்டையில் நானே குட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

அத்தா மௌத்தானார். மகன் இல்லாமலேயே அடக்கம் செய்தோம்.

அதன்பிறகுதான் அதே கேசட் திரும்பி வந்தது, வேறு யாரோ ஒருவர் கையில். அத்தா போனதால் அம்மா இத்தாவில் இருந்தாள், நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, வெளி ஆண்கள் முன்னாலும் வரக்கூடாது. அவர் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போக, நான் வாங்கிப் போட்டேன். "அத்தா, நீங்க பேசுனத நாலு தபா போட்டுக் கேட்டேன். நேரத்துக்குத்தான் சாப்புடுறேன்" என்று ஆரம்பித்தான். அத்தாவிடமே பேசினான், முழுக்க அத்தாவிடமே. முடிவில், "போன தபா சொன்ன நம்பர எழுதி வச்சீங்களோ என்னமோ, இன்னொருக்கா சொல்றேன்" என்று சொன்னான். சுவரில் எழுதினேன், காலண்டரில் எழுதினேன், உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டேன்.

அம்மா வெளியே வர முடியாது. வெள்ளிக்கிழமை நானும் மாமாவும் தர்மபுரி போய் போன் பண்ணினோம். வெகுநேரம் காத்திருந்து லைன் கிடைத்தது. அண்ணன் குரல் சந்தோஷமாக வந்தது. "யாரு, நீயா? அத்தாகிட்ட குடு."

மாமா ரிசீவரை வாங்கிச் சொன்னார். அந்தப் பக்கம் அவன் கத்தியது எனக்கே கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டான். "அத்தா பேசுனாரில்ல, அந்த கேசட்ட..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திவிட்டான். தான் எதன் மேல் பேசி அனுப்பியிருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. லைன் கட்டாகும்வரை இரண்டு பேரும் அழுதோம்.

அண்ணனின் பேச்சு எங்களுடையதைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் அவன் முடித்த பிறகு கடைசியில் எங்கள் பழைய பேச்சு ஒரு துண்டு அழியாமல் இருந்தது. முதலில் பேசிய அத்தா போய்விட்டார், கடைசியில் பேசிய பெரியம்மா இருந்தார். கோடாலித் தைலம், பிளாஸ்க், பூப்போட்ட போர்வை. போர்வைக்கும் டேப் முடிவதற்கும் நடுவில், தூரத்தில் யாரோ செருமுகிறார்கள்.

"உங்கத்தாதான்" என்றாள் அம்மா. இருக்கும்வரை அந்த இடத்தைத்தான் போட்டுக் கேட்டாள். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த கம்பைநல்லூர்க்காரராகவும் இருக்கலாம். எனக்கு அத்தா இல்லை, அவர் என்றுதான் தோன்றும். அம்மாவிடம் சொன்னதில்லை.