கருங்குழி வில்லாவும் தயிர் சாதமும்

கருங்குழி பக்கம் புதிதாக வில்லாக்கள் கட்டுகிறார்களாம். பார்த்து வர ஏசி வேன், மதியச் சாப்பாடு எல்லாம் இலவசம். சும்மா பிரியாணி போடுகிறார்கள் என்றதுமே எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் இன்று அணுபுரத்திலிருந்து நானும் மனைவியும் ஏறிவிட்டோம்.

அங்கே கட்டி முடித்திருந்தது ஒரே ஒரு மாடல் வீடு. மற்றதெல்லாம் வயலில் நட்ட மஞ்சள் கல். ஏஜென்ட் ஒரு கல்லைக் காட்டி, "இதான் சார் உங்க பெட்ரூம்" என்றார்.

எங்களோடு வேனில் வந்த கட்டம் போட்ட சட்டைக்காரருக்கு மட்டும் ஒரே குஷி.

"இன்னா சார், யோசிச்சுகினே கீறீங்க? நானும் மொத தபாதான் வரேன். கார்னர் வூட்ட புக் பண்ணிட்டேன். அடுத்த வாரம் வந்தா எதுவும் இருக்காது."

மனைவி என்னைப் பார்த்தாள். நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் டிரைவர் பொட்டலங்களோடு வந்தார். எல்லாரிடமும் "பிரியாணியா, தயிர் சாதமா?" என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தவர், சட்டைக்காரரிடம் மட்டும் கேட்காமலே ஒன்றை நீட்டினார்.

"இந்தா அண்ணாத்த, உன் தயிர் சாதம். ஊறுகா வெக்காம கட்டிகினு வந்தேன். போன வாரம் மாதிரி கத்தாத."

பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு யாராவது அந்த வேனில் போகிறீர்களா? அதே கார்னர் வீட்டை அவர் மறுபடியும் புக் செய்தால், கிரகப்பிரவேசம் எப்போது என்று கேட்டு இங்கே எழுதுங்கள்.