அமாவாசையில் நட்ட கம்பம்

ஆதிநாராயணனுக்கு வாய் கொஞ்சம் நீளம். "கம்பியே வாணாம், காத்துலயே நெட்டு கொண்டாறேன்" என்று 2014இல் எங்கள் ஊரில் அவர் சொல்லித் திரிந்தபோது யாரும் நம்பவில்லை. பதினைந்து வருஷம் நகரியில் விசைத்தறி ஓட்டிய மனுஷன். தறியை விட்டபின் திருப்பதியில் ஒரு கடையில் ஆறு மாதம், காற்றிலேயே இன்டர்நெட் அனுப்பும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் ஊருக்கு எந்தக் கம்பெனியும் லைன் இழுக்கவில்லை. செல்போன் சிக்னலும் வந்தால் உண்டு.

நம்பியது யமுனா மட்டும். வேறு வழியில்லாமல் நம்பினாள் என்பதே சரி. மூன்று வயது தரணியை மாமியாரிடம் விட்டுவிட்டு, சென்னையில் ஹாஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். பத்து நாள் வீட்டிலிருந்து வேலை செய்து காட்டு, அதற்குள் லைன் சரிப்படாவிட்டால் திரும்பி வா என்று கம்பெனி சொல்லியிருந்தது.

நகரியில் இன்டர்நெட் லைன் இருந்த ரங்கையா வீட்டு மாடியில் ஒரு டிஷ், ஏழு கிலோமீட்டர் தள்ளி யமுனா வீட்டுக் கூரைமேல் ஒரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல நாளாக இருக்கட்டும் என்று அமாவாசையன்று கம்பம் நட்டார். ரங்கையா தெலுங்குக்காரர், அமாவாசையில் யாராவது வேலை தொடங்குவார்களா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அமாவாஸ்யநாடு எவரைனா பனி மொதலு பெடதாரா?"

"எங்களுக்கு அதான் மஞ்சி ரோஜு, நல்ல நாளு" என்று இவர் சிரித்தார். அன்று முழுக்க லைன் பறந்தது. இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு லைன் செத்தது. பன்னிரண்டுக்குத் தானாக உயிர் வந்தது. அடுத்த நாளும் அதே கதை. ஊர்ப்பக்க டிஷ்ஷைத் திருப்பினார், ஒயரை மாற்றினார், கரண்டைத் திட்டினார்.

நாலாம் நாள் யமுனா அழுதேவிட்டாள். "அண்ணா, இன்னும் ஆறு நாள்தான் கீது. என் கொழந்தய வுட்டுட்டு மறுபடி போவ முடியாதுண்ணா."

ஐந்தாம் நாள் பத்து மணிக்கு ஆதிநாராயணன் ரங்கையா வீட்டு மாடியேறி நின்றார். பக்கத்து மாடியில் சாயப்பட்டறை ஹரிபாபு மூங்கில்களில் சாயம் தோய்த்த நூல்கற்றைகளான சிட்டங்களை மாட்டிக்கொண்டிருந்தார். டிஷ்ஷின் முகத்துக்கு நேரே, சொட்டச் சொட்ட ஈரம். ஈரத்தைத் தாண்டி அலை போகாது. மதியம் காய்ந்ததும் நூலை எடுத்துவிடுவார்கள்; லைன் வந்துவிடும்.

அமாவாசையன்று நகரியில் தறிக்கும் பட்டறைக்கும் லீவு; நூல் காயாததால்தான் முதல் நாள் லைன் பறந்தது. பதினைந்து வருஷம் அந்த லீவில் வீட்டில் படுத்துத் தூங்கியவருக்கு அது தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"செப்பினானா லேதா?" என்று, தான் அன்றே சொன்னதை நினைவூட்டினார் ரங்கையா.

"வேணும்னா அந்தாண்ட மாட்டிக்கிறேண்ணா" என்றார் ஹரிபாபு.

"வெயிலு இங்கதானே வுழுது? நூலு இங்கியே காயட்டும். நான் மேல ஏத்திக்கிறேன்."

பன்னிரண்டடி குழாய் வாங்கிவந்து கம்பத்தை உயர்த்தினார். கையில் தோல் உரிந்தது. அப்புறம் பத்து மணியும் மற்ற மணி போலவே கடந்தது.

பத்தாம் நாள் மாலை யமுனா வீட்டுக்குப் போனார். சென்னையிலிருந்து வந்ததிலிருந்து பிரிக்காமல் கதவோரம் கிடந்த பையைக் காணோம்.

"எங்கம்மா துணியெல்லாம் பீரோல வெச்சிடுச்சி மாமா" என்று தரணி ஓடிவந்து சொன்னாள்.

அவ்வளவு பேசுகிற மனுஷன், தலையை மட்டும் ஆட்டிவிட்டு, முகம் கழுவத் தண்ணீர் கேட்டார்.